பொறியாளர் எழுத்து

பவானி ஆறு காவிரியோடு கலக்கும் இடத்திற்குச் சற்று முன்னர், பதின்மூன்றாம் நூற்றாண்டில் காலிங்கராயர் ஓர் அணை கட்டினார். அங்கிருந்து ஈரோட்டின் வழியாக நொய்யலாற்றை நோக்கி ஒரு வாய்க்காலும் வெட்டுவித்தார். ஏறத்தாழ 90 கிலோமீட்டர் நீளமுள்ள அவ்வாய்க்கால் நேராகச் செல்வதில்லை; வளைந்து வளைந்து செல்கிறது. அது செல்ல வேண்டிய வழியை ஒரு பாம்பு ஊர்ந்து காட்டியது என்று அப்பகுதி மக்கள் இன்றும் கதை கூறுவர். கதை எவ்வாறாயினும் ஆகுக. அதனுள் ஓர் உண்மை பொதிந்துள்ளது. நிலத்தின் சரிவை ஒட்டிச் சிறிது சிறிதாகத் தாழ்ந்து சென்றால்தான் நீர் தானே ஓடும். அத்தகைய வழி வளைந்துதான் இருக்கும்.

கதையின்படி, பாம்பு மண்மேல் விட்டுச் சென்ற தடமே வாய்க்காலுக்கு வரைபடம். வேலை நடக்கும் இடத்தில் தலைவர் தாமே நின்று, ‘இங்கே வெட்டுக, அங்கே திருப்புக’ என்று கைநீட்டிக் காட்டக்கூடுமாயின், மண்ணில் இட்ட கோடே போதும். ஆனால், எண்ணுபவர் ஓரூரிலும் செய்பவர் வேறோர் ஊரிலும் இருந்தால் என் செய்வது? ஐயம் எழும்போதெல்லாம் ஓடிச் சென்று கேட்க இயலுமா? கேளாமலே பொருள் விளங்கும்படி எழுதப்படும் எழுத்து ஒன்று வேண்டும். அவ்வெழுத்தே பொறியியல் வரைபடம்.

ஓவியத்திற்கும் இதற்கும் உள்ள வேற்றுமையை ஒரு மாட்டுவண்டியைக் கொண்டு அறியலாம். சாலையில் செல்லும் வண்டியை ஓவியர் பக்கவாட்டில் சாய்வாக நின்று வரைகிறார். அவர் படத்தில் சக்கரம் முட்டை வடிவாகத் தோன்றும். தொலைவிலுள்ள சக்கரம் அருகிலுள்ளதைவிடச் சிறிதாக இருக்கும். ஓவியர் பொய் சொல்லவில்லை. கண்ணுக்குத் தோன்றியதைச் சொன்னார். ஆயினும், அப்படத்தை நம்பித் தச்சர் சக்கரம் செய்தால் வண்டி ஓடுமா? குடத்தின் பருமன் எவ்வளவு, ஆரக்கால்கள் எத்தனை, வட்டையின் அகலம் எவ்வளவு என்பனவே தச்சருக்கு வேண்டுவன. பொருள் எப்படித் தோன்றுகிறது என்பது அவருக்கு வேண்டியதில்லை. எப்படி இருக்கிறது என்பதே வேண்டும்.

ஆகவே, பொறியாளர் ஒரு பொருளைப் பல திசைகளிலிருந்து நேருக்கு நேராக நோக்கித் தனித்தனியே வரைகிறார். முன்னிருந்து நோக்கியது முகப்புத் தோற்றம். மேலிருந்து நோக்கியது மேல் தோற்றம். பக்கத்திலிருந்து நோக்கியது பக்கத் தோற்றம். ஒரு தோற்றம் மட்டும் ஏன் போதாது? ஒரு பந்து, உருளை வடிவான ஒரு படி, கூம்பாகக் குவித்த நெல் ஆகிய மூன்றையும் மேலிருந்து பாருங்கள். மூன்றும் வட்டமே! முன்னிருந்து பார்த்தால் பந்து வட்டமாகவும், படி செவ்வகமாகவும், நெற்குவியல் முக்கோணமாகவும் தோன்றும். இரு தோற்றங்களையும் சேர்த்துப் படிப்பவருக்கே பொருளின் உண்மை வடிவம் மனக்கண்முன் எழுகிறது.

இம்முறையைக் கணித அடிப்படையில் ஒழுங்குபடுத்தியவர், 1746-இல் பிரெஞ்சு நாட்டில் பிறந்த காசுப்பார் மோன்சு என்பவர். எளிய வணிகர் ஒருவரின் மகன் அவர். மெசியேர் நகரத்துப் படைப்பொறியியல் பள்ளியில் இளைஞராகப் பணியாற்றியபோது, கோட்டை மதில்களின் உயரத்தை நீண்ட கணக்குகள் இன்றிக் கோடுகளாலேயே கண்டறிந்தார். இவ்வளவு விரைவில் விடை வருமா என மேலோர் முதலில் ஐயுற்றனராம். உண்மை தெளிந்த பின்னரோ, அம்முறையைப் படைத்துறையின் மறைபொருளாகவே பல்லாண்டு வைத்திருந்தனர். 1795-இல்தான் அவர் அதனைப் பாரிசு நகரில் வெளிப்படையாகக் கற்பித்தார். இன்று பள்ளிப் பிள்ளைகளும் கற்கும் கலை, ஒரு காலத்தில் வெடிமருந்துபோல் காக்கப்பட்டது என்பது வியப்பன்றோ?

இவ்வெழுத்திற்கும் இலக்கணம் உண்டு. கண்ணுக்குத் தெரியும் விளிம்பு தடித்த கோடாக அமையும். உள்ளே மறைந்துள்ள விளிம்பு விட்டுவிட்டு வரும் சிறு கோடுகளாக அமையும். வட்டத்தின் நடுவே செல்லும் அச்சுக்கோடு ஒரு நீள்கோடும் ஒரு புள்ளியும் மாறி மாறி வரும். உள்ளமைப்பு சிக்கலானதாயின், பொருளை வெட்டிப் பார்ப்பதுபோல் வரைவர். தேங்காயை உடைத்தால் ஓடும் பருப்பும் உட்குழிவும் ஒருங்கே தெரிவதுபோல, வெட்டுத் தோற்றத்தில் உள்ளிருப்பவை வெளிப்படும். வெட்டுண்ட பகுதியை மெல்லிய சாய்கோடுகளால் நிரப்புவர். வரைபலகை, மூலைமட்டம், கவராயம் ஆகியவற்றால் செய்த இவ்வேலையை இன்று கணிப்பொறி செய்கிறது. ஆனால், எந்தக் கோடு எங்கே வேண்டும் என்பதை அறிய வேண்டியவர் மனிதரே.

மிகப் பெரிய பொருளைச் சிறு தாளில் அடக்குவது எவ்வாறு? பவானியும் மாயாறும் கூடுமிடத்திற்குக் கீழே 1948-இல் தொடங்கி 1955-இல் முடிக்கப்பெற்றது பவானிசாகர் அணை. அதிலிருந்து புறப்படும் கீழ்பவானி வாய்க்கால் ஏறத்தாழ 200 கிலோமீட்டர் நீளமுடையது. 2,07,000 ஏக்கர் நிலத்திற்குப் பாசனம் அளிப்பது. 50,000 பங்கில் ஒரு பங்காகச் சுருக்கினால், இவ்வாய்க்கால் தாளில் 4 மீட்டர் நீளம் வரும். ஆனால் நிலத்தில் 1 மீட்டர் இறக்கம் தாளில் 0.02 மில்லிமீட்டராகிவிடும், எவ்வளவு கூரிய பென்சிலாலும் அதனைக் காட்ட இயலாது. வாய்க்காலுக்கு உயிரோ அந்த இறக்கத்தில்தான் இருக்கிறது! ஆகையால், வாய்க்காலின் நீள்வெட்டுப் படத்தில் நீளத்திற்கு ஓர் அளவையும் உயரத்திற்குப் பன்மடங்கு பெரிய வேறோர் அளவையும் கொள்வர். பார்ப்பதற்கு வாய்க்கால் மலையிலிருந்து குதிப்பதுபோல் தோன்றும். அளவைக் குறிப்பைப் படிப்பவர் மருள்வதில்லை.

சிறு பொருள்களிலோ அளவின் நுட்பம் வேறு வகையானது. கோவையில் செய்யப்படும் நீரேற்றும் பம்புகளின் உறுப்புகள் பலவும் வெவ்வேறு பட்டறைகளில் உருவாகின்றன. ஒரு பட்டறை தண்டைக் கடைகிறது. மற்றொன்று துளையைக் குடைகிறது. இரண்டிற்கும் 25 மில்லிமீட்டர் என்று மட்டும் எழுதினால், ஒன்றினுள் ஒன்று நுழையாமற் போகலாம். துளை 25.00 முதல் 25.02 வரையிலும், தண்டு 24.98 முதல் 24.99 வரையிலும் இருக்கலாம் என எல்லை வகுத்து எழுதினால், ஒருவரையொருவர் கண்டிராத இரு தொழிலாளரின் கைவேலையும் இனிது பொருந்தும்.

பொருந்தாத கோட்டிற்கு உயிர்களையே விலையாகக் கொடுக்க நேர்ந்ததும் உண்டு. அமெரிக்க நாட்டின் கான்சசு நகரில் ஒரு விடுதியின் முற்றத்திற்கு மேலே, ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு நடைபாலங்கள் தொங்கின. கூரையிலிருந்து இறங்கும் ஒரே நீண்ட கம்பி மேற்பாலத்தை ஊடுருவிக் கீழ்ப்பாலம் வரை செல்லுமாறு முதலில் வரைந்திருந்தனர். அவ்வாறு செய்வது கடினமென்று, பின்னர் அக்கம்பியை இரண்டாக்கினர்: கூரையிலிருந்து மேற்பாலத்திற்கு ஒன்று, மேற்பாலத்திலிருந்து கீழ்ப்பாலத்திற்கு மற்றொன்று. தாளில் இது மிகச் சிறிய மாற்றம். கிணற்றுக் கயிற்றைப் பற்றி இருவர் மேலும் கீழுமாகத் தொங்குவதாக எண்ணிப் பாருங்கள். இருவரும் கயிற்றையே பற்றினால், ஒவ்வொருவர் கையும் தத்தம் சுமையைத் தாங்கும். கீழே உள்ளவர் கயிற்றை விட்டு மேலே உள்ளவரின் காலைப் பற்றினால், மேலவரின் கை இருவர் சுமையையும் தாங்க வேண்டுமல்லவா? மேற்பாலத்தைத் தாங்கிய திருகுமரைகளுக்கு இதுவே நேர்ந்தது. முதல் அமைப்பிலேயே போதிய வலிமை இல்லை. மாற்றமோ இணைப்பின் சுமையை இருமடங்காக்கியது. 1981 சூலை 17-ஆம் நாள், விழா நடந்த மாலையில் பாலங்கள் வீழ்ந்தன. 114 பேர் மாண்டனர். மாற்றிய படத்திற்கு ஒப்புதல் முத்திரை இடப்பட்டிருந்தது. இணைப்பின் வலிமையை மீண்டும் கணக்கிட்டுப் பார்த்தவர்தாம் இல்லை. பொறியாளர் இருவர் அம்மாநிலத்தில் தொழில் உரிமத்தை இழந்தனர்.

வரைபடத் தாளின் வலப்புறக் கீழ்மூலையில் ஒரு கட்டம் இருக்கும். படத்தின் பெயர், எண், அளவை ஆகியவற்றோடு வரைந்தவர், சரிபார்த்தவர், ஒப்புதல் அளித்தவர் ஆகியோரின் கையொப்பங்களும் அதில் இடம்பெறும். என்ன திருத்தம், எந்நாளில், யாரால் செய்யப்பட்டது என்ற பட்டியலும் அதனருகே காணப்படும். ஈரோட்டிலோ கோவையிலோ, கடைசல் பட்டறையில் எண்ணெய்க் கறை படிந்த படத்தைக் கையில் எடுக்கும் தேர்ந்த தொழிலாளர் முதலில் நோக்குவது அந்த மூலையைத்தான். தம்மிடம் இருப்பது பழைய படமா, திருத்திய படமா என்று தெளிந்த பின்னரே அவர் எந்திரத்தை ஓட்டுகிறார்.