சிப்பிக் கணக்கு

மன்னார் என்றதும் நம் வாசகர்களில் மூத்தவர்களுக்குத் தலைமன்னார்க் கப்பல் நினைவுக்கு வரும். அடுத்த தலைமுறைக்கு 1990ஆம் ஆண்டு நினைவுக்கு வரும். புத்தளத்தில் மத்ரஸா ஆசிரியராக இருக்கும் எனக்கோ மன்னார் என்றால் என் மாணவர்கள்தாம். அவ்வாண்டு அக்டோபர் கடைசியில் விடுதலைப் புலிகளின் கட்டளையால் வடபுலத்து முஸ்லிம்கள் ஏறக்குறைய 75,000 பேர் சில நாள்களுக்குள் தம் ஊர்களை விட்டு வெளியேற்றப்பட்டனர். மன்னார்த் தீவு மக்களில் பலர் தோணிகளில் வந்து கற்பிட்டிக் கரையில் இறங்கினார்கள். அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்றுவரை எங்கள் வகுப்பறைகளில் அமர்ந்திருக்கிறார்கள்.

அவர்களில் ஒருவன் இப்போது கோலாலம்பூரில் சர்வதேச வணிகம் படிக்கிறான். மூன்றாம் ஆண்டு. தன் பெயரை எழுத வேண்டாமென்று கேட்டுக்கொண்டான். விடுமுறையில் வந்தவன், "ஹஸரத், மன்னாருக்குப் போகிறேன், கூட வாறீங்களா?" என்றான். வாப்பாவைப் பார்க்கத்தான் போகிறான் என்று நினைத்தேன். போகும் வழியில்தான் அவனுக்கு வேறொரு வேலையும் இருப்பது தெரிந்தது.

அனுராதபுரம், மதவாச்சி வழியாக மன்னார் செல்லும் பஸ்ஸில் அவன் தன் அங்கத்தைய வாழ்க்கையைச் சொல்லிக்கொண்டே வந்தான். நான்கு பேருக்கு ஓர் அறை. உஸ்பெகிஸ்தான் பையன் ஒருவன், பங்களாதேஷ் பையன் ஒருவன், நைஜீரியாக்காரன் ஒருவன், இவன். சமையல் முறைவைத்து. இவன் முறை வரும் நாளில் ஊரிலிருந்து கொண்டுபோன கருவாட்டை வறுத்தால் உஸ்பெக் பையன் ஜன்னலைத் திறந்துவிட்டு வராந்தாவுக்குப் போய்விடுவானாம். ஆனால் குழம்பு வைத்தபின் முதல் ஆளாகத் தட்டோடு வருபவனும் அவன்தானாம். வெள்ளிக்கிழமை ஜும்ஆவில் பக்கத்தில் நிற்பவர் எந்த நாடு என்றே தெரியாது, ஸலாம் சொல்லிக் கை கொடுக்கையில் அது தேவையும் படாது என்றான். மாதக் கடைசியில் வீட்டிலிருந்து பணம் வரத் தாமதமானால் நால்வரும் பாண் தின்று சமாளிப்பார்களாம். உம்மாவிடம் தொலைபேசியில், "இன்றைக்கு இறைச்சிக்கறி" என்று சொல்லிவிடுவானாம். இதைக் கேட்டு எனக்குச் சிரிப்பதா, கண்டிப்பதா என்று தெரியவில்லை.

"அங்கே எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி, எந்த ஊர் என்பது. அதற்குத்தான் எனக்குப் பதில் வராது ஹஸரத்" என்றான். பிறந்தது புத்தளத்து அகதி முகாமில். வாப்பாவின் காணி முசலிப் பிரிவில், சிலாவத்துறைக்கு அருகில். 2009இல் யுத்தம் முடிந்தபின் வாப்பா அங்கே போய்க் கொட்டில் போட்டார். உம்மாவும் தங்கைகளும் பாடசாலைக்காகப் புத்தளத்திலேயே இருக்கிறார்கள். இருபது வருடம் ஆளில்லாமல் கிடந்த நிலத்தில் காடு வளர்ந்துவிட்டது. முசலிப் பகுதியில் அப்படி வளர்ந்த காடுகள் சில பின்னர் வனமென்று வர்த்தமானியில் எல்லையிடப்பட்டு, அதைப் பற்றிய வழக்கும் வாதமும் நாடறிந்தவை. "வெளிநாட்டில் வெளியூரானாக இருப்பது மற்றப் பிள்ளைகளுக்குப் புதுசு. எனக்கு அது பிறந்ததிலிருந்து பழக்கம்" என்று அவன் சொன்னபோது பஸ் முருங்கனைத் தாண்டிவிட்டிருந்தது.

பெருநிலத்தையும் தீவையும் இணைக்கும் கடல்வழிப் பாதை ஏறக்குறைய 3 கிலோமீற்றர். இருபக்கமும் ஆழமில்லாத நீர். குளிர்காலத்தில் பூநாரைகள் கூட்டமாக நிற்கும் இடம் இது. தீவுக்குள் நுழைந்ததும் தெருவில் உங்களை வரவேற்பவை கழுதைகள். யாருக்கும் சொந்தமில்லாமல் கடைவாசலிலும் பஸ் நிலையத்திலும் நிற்கின்றன. அரபு வணிகர் பொதி சுமக்கக் கொண்டுவந்தவற்றின் வழித்தோன்றல்கள் என்று சொல்கிறார்கள். பள்ளிமுனையில் நிற்கும் பெருக்கமரத்தையும் அவர்களே கொண்டுவந்தார்கள் என்பது ஊர்வழக்கு. அடிமரச் சுற்றளவு மட்டும் 19 மீற்றருக்கு மேல்! ஆப்பிரிக்க மரமான இதற்கு மேல்நாட்டார் வழங்கும் பெயரே, விதைகள் நிறைந்தது என்னும் பொருள்கொண்ட 'பூ ஹிபாப்' என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்ததாக அறிஞர் கூறுவர். அரபி படித்த எனக்கு அம்மரத்தடியில் ஒரு சொந்தம் உண்டாயிற்று. மாணவனோ, "வியாபாரிகள் போய்விட்டார்கள், மரமும் கழுதையும் இருந்துவிட்டன" என்று கைப்பேசியில் குறித்துக்கொண்டான்.

அவன் வந்த வேலை இதுதான். இயற்கை வளமொன்றை வெளிநாட்டுக் கம்பனிக்குக் குத்தகைக்கு விட்ட நிகழ்ச்சியொன்றைப் பற்றிக் கட்டுரை எழுதுமாறு விரிவுரையாளர் பணித்திருக்கிறார். வகுப்பில் மற்றவர்கள் எண்ணெய், செம்பு, இறப்பர் என்று எடுத்துக்கொள்ள, இவன் மன்னார் முத்தை எடுத்துக்கொண்டான். நல்ல தேர்வு என்றே சொல்வேன். இந்தக் கரையைப்போலப் பல நாட்டு வணிகரைக் கண்ட கரை இலங்கையில் அதிகமில்லை. பாலத்துக்கு இப்பால் மாந்தையில் 1980களின் தொடக்கத்தில் நடந்த அகழாய்வில் சீனப் பீங்கானும் மேற்காசியாவின் மெருகிட்ட மட்பாண்டமும் ஒரே மண்ணிலிருந்து கிடைத்தன. 1344இல் எங்கள் புத்தளத்தில் வந்திறங்கிய இப்னு பதூதா, ஆரியச்சக்கரவர்த்தியைக் கண்டபோது மன்னர் முன்னால் முத்துகள் குவிந்திருந்தன என்றும், அவருக்குப் பாரசீக மொழி விளங்கியது என்றும் எழுதியிருக்கிறார். தமிழ் மன்னரும் மொரோக்கோ யாத்திரிகரும் பாரசீகத்தில் முத்தைப் பற்றிப் பேசிக்கொண்டார்கள்! வணிகத்தின் மொழி அக்காலத்தில் அது.

மறுநாள் காலை அரிப்புக்குப் போனோம். அருவி ஆறு கடலில் விழும் இடத்துக்கு அருகே ஒரு சிறு பழைய கோட்டை சிதைந்து கிடக்கிறது. வணிகக் கப்பலில் தந்தையோடு வந்து, 1660இல் கண்டி மன்னனிடம் சிறைப்பட்ட இராபர்ட் நொக்ஸ் என்ற ஆங்கிலேயர், பத்தொன்பது ஆண்டுகளின் பின் 1679இல் ஆற்றோரமாகவே நடந்து தப்பி வந்து சேர்ந்தது இந்தக் கோட்டைக்குத்தான். அப்போது இது ஒல்லாந்தர் வசமிருந்தது. பிடிபட்டபோது அவருக்குப் பத்தொன்பது வயதளவில். அந்நிய மண்ணில் தொப்பி பின்னி விற்றார், நெல்லைக் கடன் கொடுத்து அறுவடையில் ஒன்றுக்கு ஒன்றரையாக வாங்கினார். அவரே தம் நூலில் எழுதிய கணக்கு இது. "எங்களுக்கு முன்னோடி" என்றான் மாணவன். "தொப்பி வரைக்கும் சரி, நெல்லில் வட்டி இருக்கிறது மகன்" என்றேன். சிரித்தான். கல்விக் கடனுக்கு வட்டி கட்டும் நண்பர்கள் தன் அறையிலேயே இருப்பதாகவும், தனக்கு அது வேண்டாமென்றே உம்மம்மாவின் நகை விற்கப்பட்டதாகவும் பிறகு சொன்னான். அதற்குமேல் நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

கோட்டையிலிருந்து சற்றுத் தூரத்தில் கடலோர மண்மேட்டில் செங்கல் தூண்கள் நிற்கின்றன. ஆங்கிலேயரின் முதல் ஆளுநர் பிரெட்ரிக் நோர்த் 1801 தொடக்கம் 1804 வரை, முத்துக்குளிப்பைப் பார்வையிடுவதற்கென்று கட்டிய மாளிகையின் மிச்சம். பாதியைக் கடல் தின்றுவிட்டது. அதன் நிழலில் அமர்ந்து அவன் தன் கட்டுரையை எனக்கு வாசித்துக் காட்டினான்.

முத்துக்குளிப்பு நடக்கும் மாதங்களில் மறிச்சுக்கட்டி, சிலாவத்துறை மணலில் ஒரு நகரமே எழும்பும். ஓலைக் கொட்டில், கச்சேரி, ஆஸ்பத்திரி, பள்ளிவாசல், கடைத்தெரு எல்லாம் இருக்கும். பருவம் முடிந்ததும் பிரித்து எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். தூத்துக்குடிப் பரவர், கீழக்கரை, காயல்பட்டினத்து முஸ்லிம்கள், பாரசீக வளைகுடாவின் அரபிகள் ஆகியோர் சுழியோடிகள். நள்ளிரவுக் கரைக்காற்றில் தோணிகள் புறப்படும். காலில் கல்லைக் கட்டி இறங்குபவன் ஒரு நிமிடமளவில் அள்ளியதை அள்ளிக்கொண்டு கயிற்றை அசைப்பான். மேலிருப்பவன் இழுத்தெடுப்பான். கயிறு பிடிப்பவனை நம்பித்தான் அவன் மூச்சு. கரையில் சிப்பிகள் மூன்று கூறாகும். இரண்டு அரசுக்கு, ஒன்று சுழியோடிகளுக்கு. அரசின் கூறு மாலையில் ஆயிரம் ஆயிரமாக ஏலம் போகும். வாங்கியவர் அழுக வைத்து, ஈயும் நாற்றமும் சகித்து, கழுவிப் பார்த்தால்தான் உள்ளே முத்து இருக்கிறதா இல்லையா என்று தெரியும்.

கிடைத்த முத்தைத் தரம் பிரிக்கப் பத்துப் பித்தளைச் சல்லடைகள். முதலாவதில் 20 துளை, கடைசியில் 1,000 துளை. எடை மஞ்சாடியில். எடை இரு மடங்கானால் விலை இரு மடங்கு அல்ல, நான்கு மடங்கு என்று கணக்கு. பேரம் வாயால் அல்ல. துணிக்கு அடியில் கை கோத்து விரலால் விலை சொல்வார்கள், பக்கத்திலிருப்பவனுக்குத் தெரியாது. மொழி தெரியாத அரபியும் செட்டியாரும் இப்படியே இலட்சக் கணக்கில் கொடுக்கல் வாங்கல் செய்தார்கள். "எங்கள் பாடப்புத்தகத்தில் பேரம் பேசுவதற்கு ஓர் அத்தியாயமே இருக்கிறது ஹஸரத், இது அதில் இல்லை" என்றான்.

எனக்கு மனத்தில் உறுத்தியது வேறு. திறக்காத சிப்பியை ஆயிரக்கணக்கில் ஏலம் விடுவது எப்படிப்பட்ட வியாபாரம்? உள்ளே இருப்பது தெரியாத பொருளின் விற்பனையை, 'கரர்' உள்ள வியாபாரத்தை, நபி (ஸல்) அவர்கள் தடுத்த செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. சிப்பிக்குள் இருக்கும் முத்தை விற்பது பற்றி ஃபிக்ஹ் நூல்களிலும் பேச்சுண்டு. ஓதிக்கொடுக்கும்போது அதை ஏட்டு உதாரணமென்றே பிள்ளைகள் நினைப்பார்கள். இதோ அதே கடற்கரை! "வகுப்பில் இதை ரிஸ்க் என்போம். ரிஸ்க் எடுப்பவனுக்குத்தான் இலாபம்" என்றான் மாணவன். சரி, ஏலமெடுத்த செட்டியாருக்கும் மரைக்காயருக்கும் ஒரு கொட்டு சிப்பி வெறுமையாகப் போனால் அடுத்த கொட்டு இருக்கிறது. முகாம் வாசலில் கூலிக்காசைக் கொடுத்து ஏழெட்டுச் சிப்பி வாங்கித் திறந்து பார்த்த ஏழைகளும் இருந்தார்களே, அவர்களுக்கு எது இருந்தது? இதற்கு அவன் பதில் சொல்லவில்லை. எழுதிக்கொண்டான்.

1905இல் வந்தது அபூர்வமான பருவம். 300க்கும் மேற்பட்ட தோணிகள், ஏறத்தாழ 5,000 சுழியோடிகள், எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள். அரசுக்கு மட்டும் 25 இலட்சம் ரூபாய் வருமானம். அதைக் கண்டு இலண்டனில் ஒரு கம்பனி உண்டாயிற்று. 1906இல், ஆண்டுக்கு 3,10,000 ரூபாய் வீதம் 20 ஆண்டுகளுக்கு முத்துப்பார்கள் முழுவதும் அக்கம்பனிக்குக் குத்தகையாயின. இரண்டு பருவம் குளித்தார்கள். 1907க்குப் பிறகு பார்கள் வெறுமையாயின. கம்பனி சில ஆண்டுகளில் கலைந்தது. அதன்பின் பெரிய அளவில் குளிப்பு நடந்தது 1925இல், அதுவே ஏறக்குறைய கடைசி. அதற்குள் ஜப்பானில் மிக்கிமோட்டோ 1893இல் தொடங்கிய வளர்ப்பு முத்து சந்தைக்கு வந்துவிட்டிருந்தது. கடலில் முத்து இருந்திருந்தாலும் பழைய விலை இருந்திராது.

கட்டுரையின் கடைசியில் ஓர் அட்டவணை போட்டிருந்தான். அரசுக்கு வந்தது என்ன, கம்பனிப் பங்காளர் இழந்தது என்ன, வணிகருக்கும் சுழியோடிக்கும் கிடைத்தது என்ன என்று நான்கு நிரல்கள். திருத்திக் கொடுத்த விரிவுரையாளர் ஓரத்தில் ஒரு கேள்விதான் எழுதியிருந்தாராம்: அந்த ஊருக்கு? ஐந்தாவது நிரலை நிரப்பவே அவன் வந்திருக்கிறான்.

அன்று பகல் முழுவதும் சிலாவத்துறைப் பக்கத்தில் வயதானவர்களைத் தேடிப் போனோம். ஒரு பெரியவர், தம் வாப்பாவின் வாப்பா 1925 முகாமில் நல்ல தண்ணீர் சுமந்து விற்றார் என்றார். இன்னொருவர், குவிந்து கிடந்த சிப்பி ஓட்டைச் சுண்ணாம்புக்குச் சுட்டதாகச் சொன்னார். ஒரு மூதாட்டி, முகாம் கலைந்தபின் பெண்கள் மணலைப் புடைத்துப் பொடி முத்துப் பொறுக்கிய கதையைத் தன் உம்மாவிடம் கேட்டதாகச் சொல்லிவிட்டு, "நீ யார்ர மகன்?" என்று அவனைக் கேட்டார். அவன் வாப்பாவின் பெயரையும் வாப்பும்மாவின் பெயரையும் சொன்னான். எந்த வளவு, எந்தக் கிணற்றடி என்பதுவரை அந்த அம்மாவே சொல்லி முடித்தார். கோலாலம்பூரில் பதில் வராத கேள்விக்கு இங்கே அவன் வாய் திறக்கவே தேவைப்படவில்லை.

முத்துக் கதை முடிந்த கதை என்று எண்ணிவிடவும் கூடாது. தீவின் தென்கரையில் 2020இல் 30 காற்றாலைகள் எழுந்தன. மேலும் அமைக்க முன்வந்த அதானி நிறுவனம் 2025 பெப்ரவரியில் விலகிக்கொண்டது. வேறு நிறுவனங்களின் காற்றாலைத் திட்டங்களையும் கனிய மணல் அகழ்வையும் எதிர்த்து அவ்வாண்டில் மன்னார் மக்கள் தெருவில் நின்றார்கள். மின்சாரம் வேண்டாமென்று யாரும் சொல்லவில்லை. அவர்கள் கேட்பதும் அந்த ஐந்தாவது நிரலைத்தான் என்று எனக்குப் படுகிறது.

படிப்பு முடிந்ததும் கிள்ளான் துறைமுகப் பக்கத்தில் ஒரு சரக்குக் கம்பனியில் வேலைக்கு அவனைக் கேட்டிருக்கிறார்கள். சம்பளம் நல்லது, தங்கைகளின் படிப்புக்கு உதவும். வாப்பாவோ சிலாவத்துறையில் மீனும் நெல்லும் வாங்கி விற்க ஒரு கடை போதும், கணக்குத் தெரிந்த பிள்ளை வேண்டும் என்கிறார். எது நல்லது என்று என்னிடம் கேட்டான். இஸ்திகாரா தொழு என்றேன், உம்மாவிடமும் கேள் என்றேன்.

இரவு கொட்டிலில் விளக்கடியில் அவன் ஐந்தாவது நிரலில் எழுதியவற்றைக் காட்டினான். தண்ணீர்க் கூலி, சுண்ணாம்பு, பொடி முத்து. நான்காவது வரிக்கு இடம் விட்டிருந்தான். "அதை வாப்பாவிடம் கேட்டுத்தான் எழுத வேண்டும்" என்றான். வாப்பா அப்போது தகரப் பெட்டியைக் கவிழ்த்து, காணி உத்தரவுப் பத்திரத்தைத் தேடிக்கொண்டிருந்தார்.