சுவரில் எழுதியிருந்த யாஸீன்

பூமியில் பயணம் செய்து, முன்சென்றோர் விட்டுச் சென்றவற்றைக் கண்டு சிந்திக்குமாறு திருக்குர்ஆன் பல இடங்களில் நம்மைத் தூண்டுகிறது. பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளாமல் சிந்திக்கவும் சொல்வதே அந்த அறிவுரையின் சிறப்பு. பார்ப்பதற்கான வசதிகள் இன்று பெருகிவிட்டன. காலையில் ரயிலேறி, பகல் முழுதும் ஒரு நகரைச் சுற்றிவிட்டு, இரவில் வீடு திரும்பிவிடலாம். இடங்களைக் காட்டவும் விளக்கம் கூறவும் வழிகாட்டி ஒருவர் உடன் வருவார். ஆனால் சிந்திக்கும் பொறுப்பை மட்டும் அவரிடம் ஒப்படைத்துவிட முடியாது. ஆக்ராவில் கழித்த ஒரு பகற்பொழுது எனக்கு இதனை நன்கு உணர்த்தியது.

தில்லியில் பணிபுரியும் என் தம்பி மகனின் வீட்டுக்குச் சென்ற குளிர்காலத்தில் போயிருந்தேன். "பெரியத்தா, இவ்வளவு தூரம் வந்துவிட்டுத் தாஜ்மகாலைப் பார்க்காமல் ஊர் திரும்பலாமா?" என்று கேட்டு, அவனே பயணச்சீட்டுகளும் வாங்கி வைத்திருந்தான். வெள்ளிக்கிழமைகளில் தாஜ்மகால் பார்வையாளர்களுக்குத் திறக்கப்படுவதில்லை. ஆதலால் சனிக்கிழமை காலை ஹஸ்ரத் நிஜாமுத்தீன் நிலையத்தில் தாஜ் எக்ஸ்பிரஸ் ஏறினோம். 1325-இல் மறைந்த இறைநேசர் நிஜாமுத்தீன் அவுலியா அவர்களின் பெயரைத் தாங்கிய நிலையம் அது. பனி மூடிய வயல்களினூடே, மதுராவைக் கடந்து, ஏறக்குறைய மூன்று மணி நேரத்தில் ஆக்ரா கண்டோன்மெண்ட் வந்து சேர்ந்தோம்.

நிலையத்திலிருந்து சுற்றுலாப் பேருந்து. இருபத்தைந்து பேர் இருந்தோம். வழிகாட்டி முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு முஸ்லிம் இளைஞர். இந்தியிலும் ஆங்கிலத்திலும் மாறி மாறி, சலிப்பில்லாமல் பேசினார். மதரஸாவில் கற்ற உருது எனக்குக் கைகொடுத்தது.

முதலில் கோட்டை. 1565-இல் அக்பர் செங்கல் நிறக் கற்களால் எழுப்பத் தொடங்கிய பெருங்கோட்டை. 1658 முதல் 1666-இல் உயிர் பிரியும் வரை, ஷாஜஹான் தம் மகன் அவுரங்கசீப்பின் காவலில் இருந்தது இங்கேதான். முஸம்மன் புர்ஜ் என்னும் எண்கோண மாடத்தில் நின்றால், யமுனையின் வளைவில் தாஜ்மகால் வெண்மேகம் போலத் தெரிகிறது. அங்கே நின்றுகொண்டு வழிகாட்டி இரண்டு கதைகள் சொன்னார். இப்படியொரு கட்டடம் மீண்டும் எழக்கூடாது என்பதற்காக மன்னர் தொழிலாளர்களின் கைகளை வெட்டிவிட்டாராம். ஆற்றின் அக்கரையில் தமக்கெனக் கறுப்புத் தாஜ்மகால் ஒன்றைக் கட்ட முனைந்து, அது நிறைவேறாமற் போயிற்றாம். கூட்டம் உச்சுக்கொட்டியது. ஓர் அம்மையார் தம் குழந்தையின் சின்னஞ்சிறு கைகளை இறுகப் பற்றிக்கொண்டார்.

ஒரு செய்தி காதில் விழுந்ததும், "இதை அறிவித்தவர் யார்? அவர் யாரிடம் கேட்டார்?" என்று வினவுவது ஹதீஸ் பயின்றவர்களின் பழக்கம். செய்தி எத்துணைச் சுவையுடையதாயினும், அறிவிப்பாளர் தொடர் அறுந்திருந்தால் நம் அறிஞர்கள் அதனைத் தயங்கியே அணுகினர். அந்த உரைகல்லில் இவ்விரு கதைகளையும் உரசிப் பார்ப்போம்.

தாஜ்மகாலை வரைந்து உருவாக்கியவராகக் கருதப்படும் உஸ்தாத் அஹ்மத் லாஹோரி, 1639-இல் தொடங்கிய தில்லிச் செங்கோட்டைப் பணியிலும் தலைமை வகித்தார். இவ்விரண்டையும் தம் தந்தையின் பணிகளாக அவருடைய மகன் லுத்ஃபுல்லாஹ் பாரசீகக் கவிதையில் குறித்துள்ளார். ஒரு மாநகரையே புதிதாக எழுப்பக் காத்திருந்த மன்னர், தேர்ந்த கைவினைஞர்களின் கைகளை வெட்டிவிட்டு யாரைக் கொண்டு கட்டுவார்? கைவெட்டியதற்கு அக்கால ஆவணச் சான்று எதுவுமில்லை. கறுப்புத் தாஜ்மகால் கதையோ, 17-ஆம் நூற்றாண்டில் இங்கு வந்த தாவெர்னியே என்னும் பிரெஞ்சு வணிகர் எழுதி வைத்தது. 1990-களில் அக்கரையிலுள்ள மெஹ்தாப் பாக்கை அகழ்ந்தபோது ஒரு பூங்காவும், தாஜ்மகாலின் நிழல் விழும்படி அமைத்த எண்கோணக் குளமும் வெளிப்பட்டன. கறுப்புக் கட்டடத்தின் அடித்தளம் காணப்படவில்லை.

பலர் முன்னிலையில் ஒருவரைத் திருத்துவது அறிவுரையாகாது, அவமதிப்பாகிவிடும் என்பது எங்கள் உஸ்தாதுமார்கள் கற்பித்த ஒழுக்கம். புகையால் பளிங்கு மாசுபடாதிருக்கப் பேருந்துகளைத் தாஜ்மகாலுக்குத் தொலைவிலேயே நிறுத்திவிடுகிறார்கள். அங்கிருந்து மின்வண்டியில் செல்லும்போது அந்த இளைஞர் என்னருகே அமர்ந்தார். மேற்கண்ட செய்திகளை மெல்ல எடுத்துரைத்தேன். அவர் சிரித்தார். "ஹஸ்ரத், மக்கள் இதைக் கேட்கத்தான் விரும்புகிறார்கள். சொல்லாவிட்டால், வழிகாட்டிக்கு ஒன்றும் தெரியவில்லை என்கிறார்கள்" என்றார். அவர் கூறியதில் உண்மை இல்லாமலில்லை. கேட்போரின் ஆசையும் சேர்ந்தே கதையை வளர்க்கிறது.

பெருவாயிலின் முன் நின்றோம். "இவை குர்ஆன் வசனங்கள். மேலே போகப் போக எழுத்துகளைப் பெரிதாக்கியிருப்பதால், கீழிருந்து நோக்குவோருக்கு எல்லாம் ஒரே அளவாகத் தெரியும்" என்று விளக்கினார். அது முற்றிலும் சரி. எந்த வசனங்கள் என்பதை அவர் கூறவில்லை. கூட்டத்தில் எவரும் கேட்கவுமில்லை. தென்புற வளைவைச் சுற்றிச் செல்வது அல்ஃபஜ்ர் அத்தியாயம். அமைதியடைந்த ஆன்மாவைத் தன் சுவனத்துள் நுழையுமாறு இறைவன் அழைக்கும் அழைப்போடு அது நிறைவு பெறுகிறது. அந்த வளைவைக் கடந்ததும் எதிரே விரிவது ஒரு தோட்டம். எந்த வசனத்தை எந்த வாயிலில் பொறிக்க வேண்டுமென்று எண்ணிப் பார்த்துத் தேர்ந்திருக்கிறார்கள். எழுத்தைப் படிக்காதவருக்கு அது வாயில் மட்டுமே. படிப்பவருக்கோ அதுவே ஓர் உரை.

கல்லறை மண்டபத்தின் தெற்கு முகப்பில் இளைஞரைத் தனியே அழைத்து, "தம்பி, இது என்ன அத்தியாயம்?" என்று கேட்டேன். தெரியாது என்றார். "யாஸீன் ஓதுவீர்களா?" என்றேன். அவர் முகம் மலர்ந்தது. மறைந்த தம் தாயாருக்காக வியாழன் மாலைதோறும் மனப்பாடமாக ஓதுவதாகச் சொன்னார். வலப்புறத்தின் அடியில் கைகாட்டி, "இங்கிருந்து மேல்நோக்கி ஓதிக்கொண்டே வாருங்கள்" என்றேன். அச்சிட்ட முஸ்ஹஃபில் பழகிய கண்ணுக்கு ஸுலுஸ் எழுத்து எளிதில் பிடிபடாது. ஒன்றின் மேலொன்றாக எழுத்துகள் ஏறிப் பின்னிக் கிடக்கும். இரண்டு எழுத்துகளை நான் சுட்டிக் காட்ட, அவர் உதடுகள் அசைந்தன. மூன்றாம் வசனத்தில் அவர் கண்களே வழி கண்டுகொண்டன. நாள்தோறும் அந்தச் சுவரின் கீழ் நின்று பேசியவர் அன்று அதைப் படித்தார். கண் கலங்கியதை மறைக்க அவர் முகத்தைத் திருப்பிக்கொள்ள, நானும் வேறுபக்கம் நோக்கினேன்.

இவ்வெழுத்துகளை வரைந்தவர் ஷீராஸிலிருந்து வந்த அப்துல் ஹக். அமானத் கான் என்பது மன்னர் அளித்த பட்டம். அத்தனை பேர் உழைத்த கட்டடத்தில் தம் பெயரைப் பொறித்துச் சென்ற கலைஞர் இவர் ஒருவரே. அதிலும் தம்மை எளியவர் என்றே குறித்துக்கொண்டார். தாஜ்மகாலின் உள்மண்டப எழுத்துகளை முடித்த பின்னர், லாகூர்ப் பெருவழியில், இன்றைய இந்தியப் பஞ்சாபில், பயணிகளுக்காக ஒரு சராய் கட்டி, அங்கும் தம் எழுத்தைப் பொறித்தார். வெட்டப்பட்டதாகச் சொல்லப்படும் கைகளில் ஒன்று, அதன் பிறகும் எழுதியிருக்கிறது.

புறப்படும்முன் இளைஞர் ஒரு தாள் நீட்டினார். எந்த வாயிலில் எந்த அத்தியாயம் என்பதை உருதுவில் எழுதித் தந்தேன். கைவெட்டிய கதையை விட்டுவிடுவாரா என்று நான் கேட்கவில்லை. சொல்வதற்கு மெய்யான செய்தி ஒன்று கையிலிருந்தால், பொய்க்கதைக்கு நேரம் குறையும்.

திரும்பும் ரயிலில் தம்பி மகன் நெடுநேரம் பேசாமல் வந்தான். பின்னர், "பெரியத்தா, அவரைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? நானும் ஏழு வயதிலிருந்து யாஸீன் ஓதுகிறேன். அதில் என்ன சொல்லியிருக்கிறது என்று கேட்டால் எனக்கும் தெரியாதே" என்றான்.

அவன் சொன்னது நம் வீடுகள் பலவற்றுக்கும் பொருந்தும். ஓதுவதில் நாம் குறை வைப்பதில்லை. ஊர்ப் பள்ளிவாசலின் வாயிற் கல்லிலும், முன்னோரின் மீஸான் கற்களிலும் என்ன எழுதியிருக்கிறது என்று நம் பிள்ளைகள் கேட்டால், விடை சொல்ல எத்தனை பேர் இருக்கிறோம்? நாம் படித்துச் சொல்லாத இடத்தில், வேறு யாராவது கதை சொல்லத்தான் செய்வார்கள்.

இப்போது ஞாயிறுதோறும் இரவு எட்டு மணிக்குத் தில்லியிலிருந்து தொலைபேசி ஒலிக்கிறது. ஒரு நாளைக்கு இரண்டு வசனம், சொல்லுக்குச் சொல் பொருள். அவனுடைய சிறு மகளும் அருகே அமர்ந்து கேட்கிறாளாம். சென்ற வாரம் பன்னிரண்டாம் வசனத்தை முடித்திருக்கிறோம்.