தசைன் திலகம்

நமக்கு நவராத்திரி; நேபாளத்தாருக்குத் தசைன். அங்கே அது 15 நாள் நடைபெறும் பெருவிழா. காட்மாண்டுவில் கல்வி பயில்வதற்காக நான் தங்கியிருந்த இல்லத்தில், முதல் நாள் கலசம் ஸ்தாபித்து, மணலில் வாற்கோதுமை விதைத்தார்கள். வெயில் புகாத அறையில் வளர்ந்ததால் முளைகள் பொன்னிறமாய் நீண்டன. நம் கிராமங்களின் முளைப்பாரியை ஒத்த அதற்கு 'ஜமரா' என்று பெயர்.

விஜயதசமியன்று மூத்தவர்கள், அரிசியும் தயிரும் செந்தூரமும் குழைத்த திலகத்தை இளையவர் நெற்றியில் இட்டு, ஜமராவைக் காதில் செருகி ஆசி கூறுவார்கள். அதைப் பெற ஜனங்கள் சொந்த ஊர்களுக்குத் திரளாய்ப் புறப்படுவதால் தலைநகரமே வெறிச்சோடிவிடுகிறது. முன்னாளில் அரசரும் குடிகளுக்குத் திலகமிட்டார். 2008-ல் முடியாட்சி ஒழிந்தபின் அவ்வழக்கத்தை ஜனாதிபதி மேற்கொண்டார்.

ஆனால், பிழைப்புக்காக அயல்நாடு சென்ற லட்சக்கணக்கான வாலிபர்கள் என் செய்வர்? அவ்வீட்டு மகனும் கத்தாரில் தொழிலாளி. டெலிபோன் திரையில் அவன் முகம் தோன்றியது. ஆசிமொழி அவன் செவிக்கு எட்டியது, திலகம் எட்டுமா? தாயார் சற்று நேரம் கிண்ணத்துடன் நின்றார். பிறகு, "பாபு, நீ வா" என்று என்னை அழைத்து, அவனுக்குரிய இடத்தில் அமர்த்தினார். என் நெற்றியில் அரிசி ஒட்டியதும், திரையிலிருந்த மகன் தலை குனிந்து வணங்கினான்.

நேபாளம் தன் மைந்தர்க்கு வேலை தருமாயின், அடுத்த தசைனில் அந்த இடம் எனக்குக் கிட்டாது. அவ்வாறே ஆகவேண்டுமென்று அன்று தேவியை வேண்டிக்கொண்டேன்.