காரணமில்லாத ஒரு பயணம்

மனிதன் பயணம் செய்யப் பிறந்தவன் என்பர். ஆயின், எல்லா மனிதரும் ஒரே விதமாகப் பயணம் செய்வதில்லை. சிலர் காணப் போகிறார்கள்; சிலர் களிக்கப் போகிறார்கள்; வேறு சிலரோ போயே தீரவேண்டியிருப்பதால் போகிறார்கள். மலையகத்துத் தோட்டங்களில் வாழும் எம்மவர் இந்த மூன்றாவது வகையினர்.

எமது வரலாறே ஒரு நடையிலேதான் தொடங்குகிறது. கோப்பிக் காலத்தில் தமிழகத்தின் கிராமங்களிலிருந்து புறப்பட்டுக் கடல் கடந்து, மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளை வரை கால்நடையாக வந்த எம் முன்னோர் வேலை தேடி நடந்தனர். நோயாலும் பசியாலும் வழியிலேயே மாண்டோர் பலர். 1964ஆம் ஆண்டின் ஸ்ரீமா – சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகைசெய்தபோது, பெட்டி படுக்கைகளுடன் தலைமன்னாருக்குப் புகையிரதம் ஏறியவர்கள் ஏட்டில் எழுதப்பட்ட எண்களாகப் போயினர். 1977இலும் 1983இலும் வன்செயல்களுக்கு அஞ்சி வன்னிக்குப் போனோர் உயிரைக் காக்கப் போயினர். 2023இல், எம்மவர் இம்மண்ணுக்கு வந்த இருநூறாண்டு நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நிகழ்ந்த நடைபயணமும் உரிமையை நினைவூட்ட நடந்ததே. இவற்றுள் ஒன்றேனும் ‘சும்மா’ நடந்த நடையன்று.

இத்தகைய சமூகத்தில் பிறந்த ஒரு கணவனும் மனைவியும், எந்தக் காரணமும் இன்றி ஐந்து நாள்கள் ஊர் சுற்றிய கதையையே நான் இங்கு எழுத விழைகிறேன். அவர்கள் என் பெற்றோர்.

எங்களூர் பூண்டுலோயா. டன்சினன் என்றொரு தோட்டமும் அதே பெயரில் ஒரு நீர்வீழ்ச்சியும் எங்கள் பக்கத்தில் உள்ளன. ஷேக்ஸ்பியரின் ‘மக்பெத்’ நாடகத்தில் வரும் ஸ்கொத்லாந்துக் குன்றின் பெயர் அது என்பதைப் பல்கலைக்கழகத்துக்கு வந்த பின்னரே அறிந்தேன். நாடகத்தில் காடு நடந்து குன்றுக்கு வருகிறது. எங்களூரிலோ காடு அழிந்து தேயிலை வந்தது. அத்தேயிலையில் அம்மா கொழுந்து பறிக்கிறார். அப்பா தொழிற்சாலையில் கொழுந்து வாட்டுகிறார். திருமணமாகி இருபத்தைந்து ஆண்டுகளில் இருவரும் சேர்ந்து போன இடங்களை ஒரு கைவிரல்களில் எண்ணிவிடலாம்.

அந்த எண்ணிக்கையை எங்களுக்கு உணர்த்தியவர்கள் அயல்நாட்டுத் தம்பதியர் இருவர். அண்மைக் காலத்தில் உல்லாசப் பயணிகளுக்கென ‘பெக்கோ நடைபாதை’ ஒன்று மலையகத்தில் அமைக்கப்பட்டிருப்பதை வாசகர் அறிந்திருக்கலாம். துரைமார் தேயிலையை ஏற்றியிறக்க வெட்டிய பழைய பாதைகளை இணைத்து, கண்டி ஹந்தானையில் தொடங்கி நுவரெலியாவில் முடியும் இந்நடைபாதை முந்நூறு கிலோமீற்றருக்கு மேல் நீளமானது. இருபத்திரண்டு கட்டங்கள் கொண்டது. அதன் நான்காம் கட்டம் தவலந்தென்னையிலிருந்து பூண்டுலோயாவுக்கு வருகிறது. அவ்வழியே வந்த அத்தம்பதியர் மழைக்கு எங்கள் லயத்து வாசலில் ஒதுங்கினர். அம்மா சாயத் தண்ணீர் கொடுத்தார். அந்த அம்மையார் நன்றி சொல்லிவிட்டு, “நீங்கள் இருவரும் எங்கெல்லாம் போயிருக்கிறீர்கள்?” என்று என் வாயிலாகக் கேட்டார்.

அம்மா சற்று யோசித்தார். “ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கோம். சாவு வீட்டுக்குப் போயிருக்கோம். கோயிலுக்கு ஒரு தடவ,” என்றார்.

இதை மொழிபெயர்க்க எனக்கு நா எழவில்லை. ‘பக்கத்து ஊர்களுக்குப் போயிருக்கிறார்களாம்’ என்று பொய் சொன்னேன். அவர்கள் போனபின் அப்பா, “பெக்கோன்னா சலிச்செடுத்த தரம். நம்ம குடிக்கிறது டஸ்ட். நம்மளுக்கு எதுக்கு அந்தப் பாத?” என்று சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை.

மகாபொலப் பணத்திலும் தனியார் வகுப்பில் கற்பித்ததிலும் சிறிது சேர்த்து, 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் அவர்களை அழைத்துச் செல்லத் துணிந்தேன். முதலில் எதிர்த்தவர் அப்பாவே. விடுமுறைக்கு மேல் எடுக்கும் ஒவ்வொரு நாளும் ஒரு ‘பேர்’ இழப்பு. 2021இல் ஆயிரமாகி, 2024இல் 1,350 ரூபாயான அந்த நாட்சம்பளத்தை, ஊர் பார்ப்பதற்காக எவனாவது இழப்பானா என்பது அவர் வாதம். அம்மா ஒன்றே ஒன்று சொன்னார்: “எனக்கு அவளப் பாக்கணும்.”

‘அவள்’ என்பது அம்மாவின் பால்யத் தோழி. ஒரே லயத்தில் பிறந்து, ஒரே நிரையில் கொழுந்தெடுத்தவர். ஹற்றனுக்கு அப்பால் ஒரு தோட்டத்தில் வாழ்க்கைப்பட்டவர். நான் பெரியம்மா என்றழைப்பேன். இறுதியாக இருவரும் சந்தித்தது பதினொரு ஆண்டுகளுக்கு முன், ஒரு மரண வீட்டில். இடையில் தொலைபேசி எண் மாறியது, தொடர்பும் அறுந்தது.

தலவாக்கலையில் புகையிரதம் ஏறினோம். கொட்டகலை கடந்து சிங்கமலைச் சுரங்கத்துள் வண்டி நுழைந்தபோது எதிரிலிருந்த இளைஞர் கூச்சலிட்டனர். அம்மாவோ இருளில் அப்பாவின் கையைப் பற்றியிருந்தார் என்பதை வெளிச்சம் வந்தபோது கண்டேன். இருபத்திரண்டு ஆண்டுகளில் அவர்கள் கைகோத்து நான் கண்டது அதுவே முதன்முறை.

ஹற்றனில் இறங்கி, பஸ் பிடித்து, ஏறி நடந்து பெரியம்மாவின் லயத்தை அடைந்தோம். வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தவர் எங்களைக் கண்டார். கத்தி கையிலிருந்து நழுவியது. முகத்தில் மகிழ்ச்சி இல்லை; அச்சமே இருந்தது.

“ஐயோ, யாருக்குப் புள்ள என்னாச்சு?”

“யாருக்கும் ஒண்ணுமில்ல. ஒன்னயப் பாக்கத்தான் வந்தோம்.”

“சும்மாவா?”

“சும்மாதான்.”

பெரியம்மா நம்பவில்லை. உள்ளே அழைத்து அமர்த்தி, தேநீர் தந்து, ரொட்டி சுட்டு, சம்பல் அரைத்து முடியும் வரையில் மூன்று முறை அதே வினாவை வேறு வேறு விதமாகக் கேட்டார். கலியாணமா? கடனா? பையனுக்கு வேலை விஷயமா? எதுவுமே இல்லையென்று உறுதியான பின்னரே அம்மாவின் தோளில் சாய்ந்து அழத் தொடங்கினார். கேடு வந்தால் அழுவதற்கு எம்மவர் பழகியிருக்கிறார்கள். கேடு எதுவும் வரவில்லை என்பதற்காகவும் ஒருவர் அழக்கூடும் என்பதை அன்றுதான் கண்டேன்.

மறுநாள் இரவு பெரியம்மாவும் எங்களுடன் சிவனொளிபாதமலைக்குப் புறப்பட்டார். மார்கழிப் பௌர்ணமி தொட்டு வெசாக் வரை நீளும் யாத்திரைக் காலம் அப்போது முடியவில்லை. நல்லதண்ணியிலிருந்து நள்ளிரவில் ஏறத் தொடங்கினோம். பல்கலைக்கழக மாணவனாகிய நான் பாதி வழியிலேயே மூச்சிரைத்து உட்கார்ந்துவிட்டேன். அம்மாவும் பெரியம்மாவும் பழங்கதை பேசியபடியே முன்னால் ஏறிப் போயினர். வாழ்நாளெல்லாம் தலையில் கொழுந்துப் பாரம் சுமந்து சரிவுகளில் ஏறிய கால்கள் அவை. பாரமின்றி ஏறுவது அவற்றுக்கு விளையாட்டாக இருந்தது. “சும்மா நடந்தா வலிக்கவே மாட்டேங்குதே!” என்று அம்மா வியந்தது இன்றும் என் செவியில் ஒலிக்கிறது.

உச்சியில் மணி ஒன்று உண்டு. எத்தனையாவது முறை மலை ஏறினோமோ அத்தனை முறை அதை ஒலிப்பது வழக்கம். எங்களுக்கு முன் நின்ற சிங்கள முதியவர் ஒருவர் இருபதுக்கு மேல் ஒலித்தார். அம்மா ஒரே ஒரு முறை ஒலித்துவிட்டு, அந்த ஓசை அடங்கும்வரை கயிற்றை விடாமல் நின்றார். பொழுது விடிந்தது. மேற்கே மலையின் முக்கோண நிழல் பனிமூட்டத்தின்மேல் விழுந்தது. எல்லோரும் அதை நோக்க, அம்மா மட்டும் எதிர்த்திசையில் அடுக்கடுக்காய்த் தெரிந்த மலைகளுள் பூண்டுலோயாவைத் தேடிக்கொண்டிருந்தார்.

பெரியம்மாவை ஹற்றனில் விட்டுக் கண்டிக்குப் போனோம். அங்கே அப்பாவின் நண்பர் ஒருவர், தோட்டத்தை விட்டு வந்து இருபதாண்டாக ஓர் உணவகத்தின் சமையற்கட்டில் வேலை செய்கிறார். அப்பாவைக் கண்டதும் தனியே அழைத்து, “எவ்வளவு வேணும்?” என்று கேட்டாராம். ஹற்றனில் மரணபயம், கண்டியில் கடன்பயம். காரணம் வேறாயினும் வினா ஒன்றே.

அன்றிரவு அவரையும் அழைத்துக்கொண்டு வேறோர் உணவகத்துக்குப் போனோம். பரிமாறுபவர் வந்து நின்றதும் அம்மா எழுந்து நின்றுவிட்டார். பிறர் பரிமாற உட்கார்ந்து உண்ட பழக்கம் அவருக்கு இல்லை. உண்டு முடித்ததும் கோப்பைகளை அடுக்கி எடுக்கப் போனார். அப்பாவின் நண்பர் தடுத்து, “விடுங்க தங்கச்சி. நீங்க எடுத்தா அந்தப் பயலுக்குத்தான் திட்டு விழும். நானும் உள்ளுக்கு அந்த வேலதான் பாக்குறேன்,” என்றார். பின் அவரும் சிறிது நேரம் பேசாதிருந்தார். “இருபது வருசமாச் சமைக்கிறேன். இப்புடி முன்னால ஒக்காந்து சாப்பிட்டதில்ல,” என்றார்.

கணக்கு வந்தது. ஒரு கோப்பைத் தேநீர் 250 ரூபாய். அப்பா அச்சீட்டைத் திருப்பிப் பின்புறத்தில் கணக்கிட்டார். ஐந்து கிலோ பச்சைக் கொழுந்து ஒரு கிலோ தேயிலை ஆகும். கோப்பைக்கு இரண்டரைக் கிராம் என்றால் ஒரு கிலோவில் நானூறு கோப்பை. அம்மா இருபது கிலோ எடுக்கும் நாளில் ஆயிரத்து அறுநூறு கோப்பைத் தேநீர் அவர் கையிலிருந்து போகிறது. அந்நாளின் சம்பளத்துக்கு இங்கே ஆறு கோப்பைகூட வாங்க முடியாது. அப்பா கோபங்கொள்ளவில்லை. சீட்டை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். அது இன்னும் வீட்டில் சாமிப் படத்தின் பின்னால் இருக்கிறது.

மறுநாள் பேராதனையைக் காட்டினேன். 1824இல் சீனத் தேயிலைச் செடி முதன்முதலாக இந்நாட்டில் நடப்பட்டது அங்குள்ள பூந்தோட்டத்திலேதான் என்றேன். “இங்கயே வச்சிருந்திருக்கலாம்,” என்றார் அம்மா. பின்னர் வளாகத்துக்குச் சென்று, கலைப்பீடத்தின் முன் நின்று, ஹந்தானை மலையைச் சுட்டிக் காட்டினேன்: “அந்தப் பாத அங்கதாம்மா தொடங்குது. நம்ம வீட்டுக்கு வருது.” இருவரும் மலையைப் பார்த்தனர்; பின் ஒருவரையொருவர் பார்த்தனர்.

முடிவு அவர்களுடையது. ஐந்தாம் நாள் விடியற்காலையில் பஸ் ஏறி, புசல்லாவைக்கு அப்பால் தவலந்தென்னையில் இறங்கி, மிகுதி வழியை நடந்தே வீடு போய்ச் சேர்வதென்று தீர்மானித்தார்கள். கீழே 1985இல் கட்டி முடிக்கப்பட்ட கொத்மலை நீர்த்தேக்கம் வெயிலில் மின்ன, தேயிலை மலைகளினூடே அப்பாவும் அம்மாவும் முன்னால் நடந்தனர். நான் பின்னால் நடந்தேன். இடையில் நிரை பிடித்துக் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து, “எங்க போறீங்க?” என்று கேட்டனர். “வீட்டுக்கு,” என்றார் அம்மா. “பஸ் இல்லியா?” என்றனர். “இருக்கு. நடக்கிறோம்,” என்றார் அம்மா. அக்குரலில் இருந்த பெருமிதத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

இப்பயணத்தால் விளைந்த பயன் யாது என்று என் நண்பர் சிலர் வினவினர். பயன் கருதாது போனதே அதன் பயன் என்று அப்போது விடையிறுத்தேன். அவ்விடை அரைகுறையானது என்பதைக் காலம் காட்டிற்று. 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயல் மலையகத்தைத் தாக்கியது. மலைகள் சரிந்தன; வீதிகளும் புகையிரதப் பாதையும் பல இடங்களில் அறுந்தன. எங்கள் லயம் தப்பியது. ஆயினும் அம்மா உறங்கவில்லை. பெரியம்மாவின் தொலைபேசி மூன்று நாள்கள் மௌனமாக இருந்தது. நான்காம் நாள் காலை அம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு புறப்பட்டுவிட்டார். “ரோடு இல்ல, எப்புடிப் போவ?” என்றார் அப்பா. “நடந்து,” என்றார் அம்மா. அப்பா மறுபேச்சின்றிக் குடையை எடுத்தார். வாசலைத் தாண்டுமுன் தொலைபேசி ஒலித்தது. பெரியம்மாதான், பாடசாலையொன்றில் தங்கியிருந்தார். சித்திரையில் அந்தக் ‘காரணமில்லாத’ பயணம் நிகழ்ந்திராவிடில் அந்த எண்ணும் அம்மாவிடம் இருந்திராது.

தை பிறந்தபின் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீதிகள் திறந்திருந்த வேளையில், பெரியம்மா எங்கள் வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு பை பலகாரம். அம்மா யாருக்கு என்ன நேர்ந்ததென்று கேட்கவில்லை. “சாப்பிட்டியா?” என்று மட்டுந்தான் கேட்டார்.