சீரியஸ் விளக்கும் பழைய ஆம்ப்ளிஃபயரும்

ரெக்கார்டு பிளேயரிலிருந்தோ கேசட் டெக்கிலிருந்தோ வரும் நலிந்த மின்னலையை ஒலிபெருக்கியின் கூம்பை அசைக்குமளவு வலுப்படுத்தித் தரும் ஆம்ப்ளிஃபயர், 1970களிலும் 1980களிலும் தமிழ்நாட்டு நடுத்தர வீடுகளில் பல மாதச் சேமிப்பைக் கரைத்து வாங்கப்பட்ட பொருளாகும். வளைகுடா நாடுகளுக்கும் சிங்கப்பூருக்கும் வேலைக்குச் சென்றவர்கள் சன்சூய், பயனியர், அக்காய் முதலிய ஜப்பானியச் செட்டுகளை ஊருக்குக் கொண்டுவந்தனர்; உள்நாட்டில் பம்பாயின் காஸ்மிக்கும் கல்கத்தாவின் சோனோடைனும் இசைப் பிரியர்களிடம் பெயர்பெற்றிருந்தன; 1940இல் டெல்லியில் தொடங்கப்பட்ட அஹுஜாவின் செட்டுகள் கோயில் திருவிழாக்களுக்கும் கல்யாண வீடுகளுக்கும் மைக் செட் கட்டுவோரின் தொழிற்கருவிகளாயின. அக்காலச் செட்டுகளில் கணிசமானவை சென்னையின் தென்புறநகர் வீடுகளில் பரண்மேல் இன்னும் இருக்கின்றன. அவற்றை மீண்டும் பாடவைப்பவர்களில் பலர் கடையோ பெயர்ப்பலகையோ இல்லாமல், தம் வீட்டு முன்னறையிலும் மாடிப்படிக்குக் கீழுள்ள இடத்திலும் மேசை போட்டு வேலை செய்கின்றனர். அவர்களுடைய அறிவு எழுத்தில் மிகக் குறைவாகவே பதிவாகியுள்ளது என்பதால், சிட்லபாக்கத்து வீட்டுப் பட்டறை ஒன்றில் காணப்பட்ட வேலைமுறையை இக்கட்டுரை விவரிக்கிறது.

2021இல் உருவான தாம்பரம் மாநகராட்சியுடன் இணைக்கப்பட்ட சிட்லபாக்கம், குரோம்பேட்டைக்கும் தாம்பரம் சானடோரியத்துக்கும் இடையே ரயில் பாதைக்குக் கிழக்கே அமைந்த குடியிருப்புப் பகுதி. மின்னணுவியல் இவ்வட்டாரத்துக்குப் புதிதன்று. குரோம்பேட்டையில் 1949இல் தொடங்கப்பட்ட எம்.ஐ.டி. கல்லூரி தொடக்கம் முதலே அத்துறையில் பட்டயம் அளித்துவந்தது. சானடோரியத்தில் 1984இல் நிறுவப்பட்ட மெப்ஸ் ஏற்றுமதி வளாகத்தில் மின்னணுப் பொருள் தயாரிக்கும் ஆலைகளும் இடம்பெற்றன. எனினும் பழுதுபார்ப்போரின் வழி வேறு. ஐ.டி.ஐ.யில் ரேடியோ, டிவி மெக்கானிக் பிரிவில் பயின்றோ, மைக் செட்காரரிடம் ஒயர் இழுக்கும் பையனாகச் சேர்ந்தோ, கையாலும் காதாலும் தொழிலைக் கற்றவர்கள் அவர்கள்.

பட்டறைக்கு வரும் எந்தச் செட்டும் முதலில் நேரடியாகக் கரண்டில் செருகப்படுவதில்லை. மரப்பலகையில் ஹோல்டர், சாக்கெட், சுவிட்ச் ஆகியவற்றைப் பொருத்தி, செட்டுக்குச் செல்லும் மின்சாரம் 100 வாட் குண்டு பல்பின் வழியாகவே செல்லுமாறு இணைத்த அமைப்பைச் சீரியஸ் போர்டு என்பர். பல்பின் டங்ஸ்டன் இழைக்குக் குளிர்ந்த நிலையில் மின்தடை மிகக் குறைவு. ஒளிரும்போது அது ஏறத்தாழ பத்து மடங்கு உயர்ந்து, 230 வோல்ட்டில் 529 ஓம் ஆகிறது. ஆகவே செட்டுக்குள் ஏதேனும் ஷார்ட் ஆகியிருந்தால் மின்னழுத்தம் முழுவதும் பல்பின்மேல் விழுந்து அது பளிச்சென எரியும், செட்டும் தப்பிவிடும். செட்டு நன்றாக இருந்தால், பவர் சப்ளையின் பெரிய கண்டென்சர்கள் நிரம்பும் கணத்தில் மட்டும் பல்பு பிரகாசமாகி, உடனே மங்கிச் சிவந்த இழையாக நிற்கும். "சார், மீட்டரை அப்புறம் பாக்கலாம், முதல்ல லைட்டைப் பாருங்க" என்று மெக்கானிக் செட்டுக்காரரிடம் சொல்வது இதனால்தான். எல்.இ.டி. பல்பு இவ்வேலைக்கு உதவாது. குண்டு பல்புகள் கடைகளில் அருகிவிட்டமையால் பட்டறைகளில் அவை பெட்டியில் சேர்த்துவைத்துக் காக்கப்படுகின்றன.

ஆம்ப்ளிஃபயர்களில் மிகுதியாகப் பழுதாவது, ஒலிபெருக்கிக்கு மின்னாற்றல் வழங்கும் அவுட்புட் டிரான்சிஸ்டர் இணையாகும். ஷார்ட்டான இணையை மல்டிமீட்டரில் கண்டுபிடிக்கச் சில நிமிடங்கள் போதும். தொழில் தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் உள்ள வேறுபாடு அதற்குப் பிறகே வெளிப்படுகிறது. புது இணையைப் போட்டு நேரே கரண்ட் கொடுப்பவர் அதையும் அதே நொடியில் இழப்பதுண்டு. டிரான்சிஸ்டர்கள் ஓய்வு நிலையில் எவ்வளவு மின்னோட்டம் எடுக்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் பயாஸ் பகுதியில் பிரீசெட் எனப்படும், ஸ்க்ரூ டிரைவரால் திருப்பத்தக்க சிறு மின்தடை ஒன்று உண்டு. நாற்பதாண்டுத் தூசியிலும் ஈரத்திலும் அதன் தொடுமுனை விட்டுப்போனால், பல செட்டுகளின் சுற்றமைப்பில் பயாஸ் உச்சத்துக்கு ஏறிவிடும். அவுட்புட் இணை சூடேறி எரியும். எரிந்தது விலையுயர்ந்த உறுப்பு, எரித்தது சில ரூபாய் மதிப்புள்ள உறுப்பு. இரண்டாவதைத் தேடாமல் முதலாவதை மாற்றுவதால் பயனில்லை.

அந்தத் தேடல் எளிதன்று. இவ்வகைச் சுற்றுகளில் ஒரு நிலையின் வெளியீடு அடுத்த நிலைக்கு நேரடியாகச் சென்று, கடைசி நிலையிலிருந்து ஒரு பகுதி முதல் நிலைக்கே திரும்பியும் வருவதால், ஓரிடத்தில் நேர்ந்த கோளாறு எல்லா இடங்களிலும் வோல்ட்டேஜைப் பிறழச் செய்கிறது. எது காரணம், எது விளைவு என்பதை மீட்டர் தனியே சொல்லாது. செட்டின் சர்க்யூட் படமும் பெரும்பாலும் கிடைப்பதில்லை. இந்நிலையில் மெக்கானிக்குக்குத் துணைநிற்பது ஸ்டீரியோ என்னும் அமைப்பே. இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் ஒரே சுற்று இருமுறை கட்டப்பட்டிருப்பதால், பாடும் பக்கம் பாடாத பக்கத்துக்குப் படமாகிறது. நல்ல பக்கத்தில் ஒரு புள்ளியில் மெக்கானிக் மீட்டரை வைத்து அளவைச் சொல்ல, அருகிலிருக்கும் அவருடைய மகன் தாளில் குறிக்க, அதே புள்ளி கெட்ட பக்கத்திலும் அளக்கப்படுகிறது. "அண்ணே, இங்க மட்டும் ரொம்ப ஏறுது" என்று உதவிக்கு வந்த பையன் சொன்ன இடத்தில், திறந்துபோன ஒரு மின்தடை கிடைத்தது. இந்த ஒப்பீட்டு முறை எப்பாடநூலின் முறையையும்விட எவ்வகையிலும் தாழ்ந்ததன்று. கையிலிருக்கும் பொருளையே சான்றாகக் கொண்டு காரணத்தை நோக்கிச் செல்லும் முறையான ஆய்வு அது.

டிரான்சிஸ்டரைப் பொருத்துவதிலும் கவனம் வேண்டும். 2என்3055 போன்ற உலோகத் தொப்பி டிரான்சிஸ்டர்களில் உறையே கலெக்டர் முனையாக இருப்பதால், அது ஹீட் சிங்க் எனப்படும் அலுமினியத் தகட்டின்மேல் நேரே படக்கூடாது. சூட்டைக் கடத்தி மின்சாரத்தைத் தடுக்கும் மைக்கா தாள் இடையே வைக்கப்பட்டு, அதன் இருபுறமும் வெள்ளைப் பசை மெல்லிதாகத் தடவப்படுகிறது. அலுமினியத் துளையின் விளிம்பில் மயிரளவு பிசிறு இருந்தாலும் மைக்காவைக் கிழித்து ஷார்ட் ஆக்கும் என்பதால், மெக்கானிக் துளை ஒவ்வொன்றையும் விரல்நுனியால் தடவிப் பார்த்து, பெரிய டிரில் பிட்டைக் கையாலேயே திருப்பி விளிம்பை மழுக்கினார். போர்டின் அடிப்புறத்தில், சூடேறும் உறுப்புகளின் கால்களைச் சுற்றி ஈயம் வட்டமாக வெடித்திருப்பது பூதக்கண்ணாடியில்தான் தெரியும். டிரை சோல்டர் எனப்படும் இப்பழுதுதான், தட்டினால் பாடி, விட்டால் நின்றுபோகும் செட்டுகளுக்குப் பெரும்பாலும் காரணம்.

கண்டென்சர் என்று தொழிலில் வழங்கும் மின்தேக்கிகளுக்கு வெப்பம் பெரும்பகை. எலக்ட்ரோலிட்டிக் வகையின் ஆயுள், வெப்பநிலை 10 டிகிரி உயரும்தோறும் ஏறக்குறைய பாதியாகும் என்பது பொதுக் கணக்கு. சென்னைக் கோடையில், கண்ணாடிக் கதவு போட்ட ஷோகேஸுக்குள் செட்டை வைப்போர் இதை நினைவில் கொள்வதில்லை. உள்ளிருக்கும் திரவம் உலர்ந்து கொள்திறன் குறைந்தால், 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் நேர்த்திசையாக்கப்படும்போது எழும் 100 ஹெர்ட்ஸ் ஏற்றவிறக்கம் வடிகட்டப்படாமல், ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்ற ஹம்மிங்காகக் கேட்கிறது. வால்யூமைக் குறைத்தாலும் அது குறையாது என்பது பவர் சப்ளைப் பழுதின் அடையாளம். குறைந்தால் கோளாறு வால்யூம் கன்ட்ரோலுக்கு முந்தைய பகுதியில் இருக்கலாம். இவ்வட்டாரத்துச் செட்டுகளுக்கு வெள்ளமும் ஒரு வரலாறு. 2015 டிசம்பர் மழையில் சிட்லபாக்கம், முடிச்சூர், மேற்குத் தாம்பரம் ஆகிய பகுதிகளில் வீடுகளுக்குள் நீர் புகுந்தபோது, கீழ்த்தட்டுகளில் இருந்தவை மூழ்கின. அத்தகைய செட்டுகளில் சேற்றைக் கழுவிப் பல நாள் உலர்த்திய பின்னரே போர்டில் கைவைக்க முடியும். சுருளுக்குள் ஈரம் தங்கிய டிரான்ஸ்ஃபார்மர்கள் ரீவைண்டிங் கடைக்குச் செல்கின்றன.

மெக்கானிக்குகளை இன்று மிகவும் வாட்டுவது உதிரிபாகம். சிந்தாதிரிப்பேட்டைக்கருகில் அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவில் எல்லா எண்ணிலும் டிரான்சிஸ்டர் கிடைக்கும். ஆனால் ஒரே எண்ணில் ஒரிஜினல், டூப்ளிகேட், பழைய போர்டிலிருந்து கழற்றியது என மூவகைச் சரக்கு உண்டு. டூப்ளிகேட்டில் உள்ளிருக்கும் சிலிக்கான் சில்லு மிகச் சிறியதாக இருப்பதால், குறைந்த ஒலியில் பாடிவிட்டு, வால்யூமை ஏற்றியதும் எரிந்துபோகிறது. எழுத்தின் அச்சு, கால்களின் மெருகு, உறையின் எடை ஆகியவற்றைக் கொண்டு அடையாளம் காண அனுபவசாலிகளும் திணறுகின்றனர். சான்யோ நிறுவனத்தின் எஸ்.டி.கே. வரிசை ஐ.சி.க்களைக் கொண்ட செட்டுகளின் நிலை இன்னும் கடினம். ஆம்ப்ளிஃபயரின் பெரும்பகுதியையே ஒற்றை வில்லைக்குள் அடக்கிய அந்த ஐ.சி.க்களில் பல இன்று தயாரிப்பில் இல்லை. சந்தையில் அப்பெயரில் விற்பவற்றை நம்ப இயலாது. ஆகவே ஐ.சி.யை எடுத்துவிட்டு, அதே பவர் சப்ளைக்குப் பொருந்தும் டிரான்சிஸ்டர் போர்டை அமர்த்திக் கொடுக்கின்றனர். செட்டின் அசல் தன்மை போய்விடும் எனச் சேகரிப்பாளர்கள் இதை ஏற்பதில்லை. பாடாத அசலைவிடப் பாடும் மாற்றமே செட்டுக்கு ஆயுள் தருகிறது என்ற மெக்கானிக்கின் நிலைப்பாடே இக்கட்டுரைக்கு ஏற்புடையதாகத் தோன்றுகிறது; முன்பலகையும் குமிழ்களும் டிரான்ஸ்ஃபார்மரும் காப்பாற்றப்படுகின்றன.

வேலை முடிந்த செட்டுக்கு முதலில் ஸ்பீக்கர் இணைக்கப்படுவதில்லை. ஸ்பீக்கர் முனைகளில் நேர்மின்னழுத்தம் 50 மில்லிவோல்ட்டுக்குள் இருக்கிறதா என்று பார்க்கப்படுகிறது. அது மிகுந்தால் வாய்ஸ் காயில் கருகும். பின்னர் எமிட்டர் முனையிலுள்ள 0.22 ஓம் மின்தடையின் குறுக்கே மீட்டரை வைத்து, பிரீசெட் மெதுவாகத் திருப்பப்படுகிறது. அங்கே 10 மில்லிவோல்ட் காட்டினால் டிரான்சிஸ்டர் வழியே ஏறத்தாழ 45 மில்லிஆம்பியர் ஓடுகிறது என்பது கணக்கு. ஓட்டம் மிகக் குறைந்தால் மெல்லிய ஒலியில் கரகரப்பு வரும். மிகுந்தால் ஹீட் சிங்க் கொதிக்கும். செட்டு சூடேறச் சூடேற இந்த அளவு நகர்வதால், அரைமணி நேரம் கழித்து மீண்டும் அளந்து சரிசெய்தபின், விலை குறைந்த பழைய ஸ்பீக்கர் ஒன்றில் பாடவிட்டு, மறுநாளும் ஓடவிட்ட பிறகே செட்டுக்காரருக்குத் தகவல் சொல்லப்படுகிறது. கூலி பெரும்பாலும் மாற்றிய உறுப்புகளின் விலையை ஒட்டியே பேசப்படுவதால், சில ரூபாய் பிரீசெட்டைக் கண்டுபிடிக்கச் செலவான நாள் முழுவதும் பில்லில் இடம்பெறாமல் போகிறது; அதைத் தனியே கேட்கும் வழக்கம் இத்தொழிலில் இன்னும் ஏற்படவில்லை, ஏற்பட வேண்டும்.