தாகத்தின் கணக்கு

2023, ஆகஸ்ட் 6. மாஞ்சோலை.

புலிகள் காப்பகத்தின் நடுவே வாழும் ஒரு குட்டைக்கால் நாய்க்கு டைகர் என்று பெயர் சூட்டியவர், பணி மாற்றத்தில் கீழ்நாட்டுக்குப் போகும்போது அதை என் பொறுப்பில் விட்டுச் சென்ற ஓர் அதிகாரி. அப்பெயரின் பொருத்தமின்மையைப் பற்றி நாய் ஒருநாளும் விசனப்பட்டதாகத் தெரியவில்லை. டாஷண்ட் இனத்தைச் சேர்ந்த அதற்கு இப்போது பதினொரு வயது ஆகிறது. சென்ற சில மாதங்களாக அதன் வயிறு சரிந்து தொங்குகிறது. முதுகின் இரு பக்கமும் ஒரே சீராக ரோமம் உதிர்ந்து, உள்ளே ஓடும் இரத்தக்குழாய் தெரியுமளவுக்குத் தோல் மெலிந்திருக்கிறது. மேகம் தரையில் இறங்கி நிற்கும் இந்தக் குளிரிலும் மூச்சிரைக்கிறது. தட்டை வழித்து நக்கிய பிறகும் அடுப்படியை விட்டு அகல மறுக்கிறது.

பக்கத்து லயத்தில், தேயிலைத் தொழிலாளர் வீட்டு வரிசையில், வசிக்கும் பாட்டி, நாற்பது ஆண்டுகள் கொழுந்தெடுத்து ஓய்ந்தவள், அதைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, “வயசாயிட்டுல்லா ஐயா, இனி அப்படித்தான் இருக்கும்” என்றாள். அவளுடைய அநுபவத்தின்மீது எனக்கு மரியாதை உண்டு. ஆயினும் இந்தச் சமாதானம் மனத்துக்கு ஒப்பவில்லை. மூப்பு ரோமத்தை நரைக்கச் செய்யும், நடையைத் தளர்த்தும், உறக்கத்தை நீட்டும். பசியையும் தாகத்தையும் இப்படிப் பெருக்குவது அதன் சுபாவமன்று.

ஆகஸ்ட் 13.

அம்பாசமுத்திரத்துக் கால்நடை வைத்தியரிடம் தொலைபேசியில் விவரம் கூறினேன். அவர் முதலில் கேட்டது, அரிப்புக்கென்று நீண்ட நாள் ஸ்டீராய்டு மாத்திரை ஏதேனும் கொடுத்தோமா என்பது. இல்லை என்றேன். அடுத்து, நாள் ஒன்றுக்கு எவ்வளவு நீர் குடிக்கிறது என்றார். ‘நிறைய’ என்ற பதிலை அவர் ஏற்கவில்லை, ஏற்காதது நியாயமே. கொழுந்து நிறுக்கும் கணக்கை ஆயுள் முழுதும் எழுதியவன் நான். இன்னாள் நிறையப் பறித்தாள் என்று எந்தப் பேரேட்டிலும் பதிந்ததில்லை.

ஆகவே நேற்று விடியற்காலையில் அளந்து ஊற்றிய நீரை, இன்று விடியற்காலையில் எஞ்சியதைக் கழித்துக் கணக்கிட்டோம். கூரையிலிருந்து வழிவதும் முற்றத்தில் தேங்குவதுமாகத் திரும்பிய பக்கமெல்லாம் நீராய் இருக்கும் இவ்வூரில் அது எளிய காரியமன்று. என் மனைவி டைகரை நாள் முழுதும் கண்பார்வையிலேயே வைத்திருந்தாள். உடல் எடையில் கிலோவுக்கு 60 மில்லிலிட்டர் வரை குடிப்பது நாய்க்கு இயல்பு, 100 மில்லிலிட்டரைத் தாண்டினால் நோய் என்று ஐயுற வேண்டும் என்பது வைத்தியர் கூறிய பிரமாணம். ஒன்பது கிலோ எடையுள்ள எங்கள் டைகர் ஒன்றரை லிட்டர் குடித்திருந்தது.

ஆகஸ்ட் 21.

குடித்த நீர் வெளியேற வேண்டும், அதுவும் இரவில். சமவெளியில் இது கதவைத் திறந்து விடுவதோடு தீரும் சங்கடம். களக்காடு முண்டந்துறைக் காட்டின் நடுவே, லயத்து நாய்களைத் தேடி இருட்டில் சிறுத்தை வந்துபோகும் இம்மலையில், அது டார்ச் விளக்கும் தடியுமாக ஒருவர் உடன் செல்ல வேண்டிய யாத்திரை. “தண்ணிச் சட்டிய ராத்திரி எடுத்து வச்சிட்டா என்னங்க?” என்று மனைவி கேட்டாள். வைத்தியர் அதைக் கண்டிப்பாகத் தடுத்தார். நீரை உடல் தாங்கி வைக்க இயலாமல் வெளியேற்றுவதால்தான் அது குடிக்கிறதே அல்லாமல், குடிப்பதால் வெளியேற்றவில்லை. சட்டியை அகற்றினால் சரீரம் வறண்டுபோகுமேயன்றி நோய் குறையாது. எனவே பின்கட்டில் பழைய தேயிலைச் சாக்குகளை விரித்து, அதையே இரவுக்குரிய இடமாகப் பழக்கி வருகிறோம்.

செப்டம்பர் 10. அம்பாசமுத்திரம்.

நேற்று திருநெல்வேலியை அடுத்த இராமையன்பட்டிக் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு டைகரைக் கொண்டு சென்றோம். ஸ்கேன் படத்தில் சிறுநீரகங்களின் தலைமாட்டிலுள்ள அட்ரீனல் சுரப்பிகள் இரண்டுமே பருத்திருந்தன. இரத்தத்தில் ஈரல் சம்பந்தமான நொதி ஒன்று பன்மடங்கு ஏறியிருந்தது. பின்பு காலையில் ஒருமுறை இரத்தம் எடுத்து, டெக்ஸாமெத்தசோன் என்னும் மருந்தைச் சிறிதளவு ஊசியாகச் செலுத்தி, நான்கு மணி நேரம் கழித்தும் எட்டு மணி நேரம் கழித்தும் மீண்டும் எடுத்து, வெளியூர்ச் சோதனைச்சாலைக்கு அனுப்பினார்கள்.

இந்தச் சோதனையின் யுக்தி மிக நுட்பமானது. மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி ஏவ, அட்ரீனல் சுரப்பி கார்ட்டிசால் என்னும் ஹார்மோனை உண்டாக்குகிறது. உடலில் அது போதுமான அளவுக்கு வந்ததும் பிட்யூட்டரி தன் ஏவலை நிறுத்திக்கொள்கிறது. ஊசி மருந்து ‘போதும்’ என்ற அந்தச் செய்தியைச் செயற்கையாகக் கொண்டு செல்கிறது. நலமுள்ள உடல் அதைக் கேட்டு எட்டு மணி நேரமும் அடங்கியிருக்கும். வைத்தியர்கள் ஐயுற்ற குஷிங் என்னும் நோயுள்ள உடலோ அதைப் பொருட்படுத்தாது சுரந்துகொண்டே இருக்கும்.

கடைசி இரத்தம் எடுத்தபோது மாலையாகிவிட்டது. இருட்டிய பிறகு மணிமுத்தாறு வனத்துறைச் சோதனைச் சாவடியைக் கடந்து மேலேற அனுமதி இல்லையாதலால், இரவு உறவினர் வீட்டில் தங்கினோம்.

செப்டம்பர் 24. மாஞ்சோலை.

முடிவு வந்துவிட்டது, ஐயுற்ற நோயேதான். பிட்யூட்டரியில் தோன்றும், பெரும்பாலும் தீங்கற்ற, ஒரு சிறு கட்டியே இந்நோய் கண்ட நாய்களில் நூற்றுக்கு எண்பதுக்கு மேற்பட்டவற்றில் காரணமாம். எஞ்சியவற்றில் அட்ரீனல் சுரப்பியிலேயே கட்டி இருக்கும். இரு சுரப்பிகளும் ஒருசேரப் பருத்திருப்பதால் எங்களுடையது முதல் வகை. நெதர்லாந்தில் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தைப் போன்ற சில இடங்களில் நாயின் பிட்யூட்டரியையே அறுத்தெடுக்கிறார்கள். நமக்கு மாத்திரையே கதி.

நோய்க்குப் பெயர் தந்த ஹார்வி குஷிங் அமெரிக்க அறுவை வைத்தியர். பிட்யூட்டரியின் இந்தக் கட்டியைப் பற்றி, மனிதர்களிடம் கண்டதை, 1932-இல் விரித்து எழுதினார். அதற்கு முன், 1910-இல், ஜான்ஸ் ஹாப்கின்ஸில் அவரும் துணைவர்களும் அச்சுரப்பியின் தொழிலை அறிய அதை அகற்றிப் பார்த்தது சுமார் நூறு நாய்களிடம். பின்னர் 1949-இல், டிடிடியின் (DDT) உறவான டிடிடீ (DDD) என்னும் பூச்சிமருந்தைத் தின்னக் கொடுத்த நாய்களின் அட்ரீனல் சுரப்பி சுருங்கிப்போனதை நெல்சன், உடார்ட் என்னும் இருவர் கண்டார்கள். இந்நோய்க்கு நெடுங்காலம் வழங்கிய மைட்டோட்டேன் என்ற ஔஷதம் அதிலிருந்து பிறந்தது. இன்று ஒரு கிழநாயின் சுரப்பியை அளந்து சொல்ல முடிகிறதென்றால், அந்த அளவுகோலைச் செய்து தந்தவை பெயர் தெரியாத நாய்கள். அவற்றின் வர்க்கத்தில் ஒன்றை, வயதாகிவிட்டதென்ற ஒற்றை வாக்கியத்தால் கைகழுவுவது நன்றியுள்ள செயலாகாது.

அக்டோபர் 15.

டிரைலோஸ்டேன் என்னும் மருந்து வந்து சேர்ந்தது. ஊர்க் கடைகளில் கிடைப்பதன்று. நகரத்திலிருந்து வரவழைக்க வேண்டியிருக்கிறது. விலையோ என்னைப் போன்ற சம்பளக்காரனைச் சிந்திக்க வைப்பது. இம்மருந்து கார்ட்டிசால் உண்டாவதைத் தடுக்குமே தவிர மூலக் கட்டியைத் தொடாது. ஆதலால் ஆயுள் உள்ளளவும் கொடுக்க வேண்டும். உணவோடு கொடுக்க வேண்டும். குளிகையைத் திறந்து பாதியாக்கலாகாது. கர்ப்பவதிகள் கையால் தொடலாகாது.

இவற்றைவிட முக்கியமாக வைத்தியர் வற்புறுத்தியது வேறொன்று. கார்ட்டிசால் பகைப்பொருளன்று, அது அறவே இல்லாமற்போனால் ஜீவன் நிலைக்காது. மருந்து மிஞ்சினால் நாய் சோர்ந்து படுக்கும், வாந்தி எடுக்கும், கால் தள்ளாடும், உணவை மறுக்கும். அந்த நிலையில் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே அழைத்து வர வேண்டும். நேற்றுவரை அதன் அடங்காப் பசியைக் கண்டு கலங்கிய நாங்கள், இனி ஒருவேளை அது தட்டை விலக்கினால் அதைவிட அதிகம் கலங்க வேண்டும். குறைந்த அளவில் தொடங்கி, இரு வாரத்தில் ஒருமுறையும், ஒரு மாதத்தில் மறுமுறையும், பின்பு மூன்று மாதங்களுக்கு ஒருமுறையும் இரத்தம் பார்த்து அளவைத் திருத்துவதே முறை.

வடகிழக்குப் பருவமழை நெருங்குகிறது, அட்டைகள் பெருகிவிட்டன. மற்ற நாய் உதறிவிட்டுப் போகும் கடி, டைகரின் மெலிந்த தோலில் புண்ணாகி ஆற நாளாகிறது. வெளியே போய் வந்ததும் விரலிடுக்குகளைப் பார்த்து, ஒட்டியிருப்பவற்றை உப்பு வைத்து அகற்றுவது என் மனைவியின் நித்திய கருமங்களில் சேர்ந்துவிட்டது.

டிசம்பர் 20.

கடந்த 17, 18 தேதிகளில் பெய்தது மழையன்று, பிரளயம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்ததாம். தாமிரபரணி கரை மீறித் திருநெல்வேலிக்குள்ளும் தூத்துக்குடி மாவட்டத்துக்குள்ளும் புகுந்துவிட்டது. இங்கோ பாதை சரிந்து கிடக்கிறது; பேருந்து இல்லை, மின்சாரம் இல்லை. டைகரின் குளிகைகளும் தீர்ந்துபோயின.

அலைபேசி உயிர்பெற்ற ஒரு நாழிகையில் வைத்தியர் கிடைத்தார். சில நாள் மருந்து தவறினால் தாகமும் பசியும் திரும்புமே தவிர, உடனடி அபாயம் இல்லையென்றும், மருந்து வந்ததும் விட்டுப்போனதை ஈடுசெய்வதாக எண்ணி இரட்டிப்பாகக் கொடுப்பதே அபாயம் என்றும் கூறினார். ஊரெல்லாம் வெள்ளத்தில் தத்தளிக்கும்போது ஒரு நாயின் மாத்திரைக்காகப் பேசுவது கூச்சமாக இருந்தது. அவரோ அதைக் கூச்சப்பட வேண்டிய விஷயமாகக் கொள்ளாமல், நீரளவு என்ன என்று வழக்கம்போல் விசாரித்தார். மறுபடியும் ஒரு லிட்டரைத் தாண்டியிருந்தது.

2024, மார்ச் 3.

முதுகில் ரோமம் முளைத்துவிட்டது. முன்னிருந்த செம்பழுப்பைவிடச் சற்று வெளிறிய நிறம். நீரளவு அரை லிட்டருக்கு இறங்கி நிலைத்திருக்கிறது. இரவெல்லாம் தூங்குகிறது, ஆகவே நாங்களும் தூங்குகிறோம். மூச்சிரைப்பு அடங்கியபின் அதன் பின்னங்கால் பிடிப்பு வெளிப்பட்டிருக்கிறது. மிகுந்து சுரந்த கார்ட்டிசால் அவ்வலியை இத்தனை நாளும் மறைத்து வைத்திருந்தது என்கிறார் வைத்தியர். ஒரு கணக்கு நேரானதும் இன்னொரு கணக்கு தலைகாட்டுகிறது. இந்தப் பிடிப்புக்கு விருத்தாப்பியமே காரணம் என்று அவரே ஒப்புக்கொண்டார். பரிசோதித்தபின் சொல்லப்படும் மூப்பை ஏற்றுக்கொள்வதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

ஜூன் 16.

சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 1929-இல் 99 ஆண்டுக் குத்தகைக்குப் பெற்ற இத்தோட்டத்தில், குத்தகை முடிய இன்னும் நான்கு ஆண்டுகள் இருக்கையில், வேலை நின்றுவிட்டது. விருப்ப ஓய்வுப் பத்திரத்தில் எல்லோரும் கையெழுத்திட்டாயிற்று. நான்கு தலைமுறைகள் வாழ்ந்த லயங்களில் மூட்டை கட்டும் ஓசை கேட்கிறது. வழக்கு நீதிமன்றத்தில் இருக்கிறது. அதைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை.

மலைக்குளிரில் வளர்ந்த நாய், மூச்சிரைக்கச் செய்யும் நோயுள்ளது, அம்பாசமுத்திரத்து ஆனி வெயிலை எப்படித் தாங்கும் என்பதே என் கவலை. வாடகைக்கு வீடு பார்த்தபோது, ஓடு வேயப்பட்ட வீடாகவும், பின்கட்டில் நிழலுள்ளதாகவும் தேடியதைத் தரகர் விநோதமாகப் பார்த்தார்.

ஜூலை 14. கல்லிடைக்குறிச்சி.

பக்கத்து லயத்துப் பாட்டி, நாங்கள் குடிவந்த இவ்வூரிலும் பக்கத்துத் தெருவுக்கே வந்திருக்கிறாள். மகன் திருப்பூருக்கு வேலை தேடிப் போயிருக்கிறான். சென்ற வாரம் திண்ணையில் உட்கார்ந்து ஒரு செம்பு நீரைக் குடித்து, மறு செம்பு கேட்டாள். “ராத்திரியில நாலு தடவ எந்திரிக்கேன் தாயி. வயசாயிட்டுல்லா” என்றாள். என் மனைவி ஒன்றும் பேசாமல் மறுநாள் காலையில் அவளை அம்பாசமுத்திரம் அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனாள். இரத்தத்தில் சர்க்கரை முந்நூறைத் தாண்டியிருந்தது.

இப்போது காலை ஆகாரத்தோடு டைகருக்கு ஒரு குளிகை, பாட்டிக்கு ஒரு மாத்திரை. இரண்டும் என் மனைவியின் மேற்பார்வையில்தான் நடக்கின்றன. பாட்டி இந்த ஏற்பாட்டுக்கு ஒரே ஒரு நிபந்தனை விதித்திருக்கிறாள்: “மாத்திர மட்டும் மாறிராம பாத்துக்கோ தாயி.” அது பொருட்படுத்த வேண்டிய எச்சரிக்கையே ஆதலால், நாயின் மருந்து மேல்தட்டுக்கும் அவளுடையது கீழ்த்தட்டுக்கும் இன்று பிரிக்கப்பட்டன.