முடிந்து வைத்த காசு

என் தாயாருக்குத் திருப்பதி வேங்கடாசலபதியிடம் உள்ள நம்பிக்கையில் எள்ளளவும் சந்தேகம் கிடையாது. எனக்கோ சந்தேகத்தினிடம் மட்டுமே நம்பிக்கை உண்டு. ஆயினும் நாங்கள் இருவரும் ஒரே வீட்டில் சண்டையின்றிக் காலக்ஷேபம் செய்து வருகிறோம்.

ஒரு சமயம் என் குழந்தைக்கு டைபாயிடு ஜுரம் கண்டது. ஐந்தாம் நாள் இரவு ஜுரம் மிகவும் அதிகமாயிற்று. தாயார் ஒரு ரூபாயை மஞ்சள் துணியில் முடிந்து சுவாமி படத்தின் முன் வைத்தாள். பிறகு குழந்தையின் நெற்றியில் ஈரத்துணி போட்டபடி உட்கார்ந்துவிட்டாள். நானும் விழித்துத்தான் இருந்தேன். டாக்டரின் மருந்து எப்படி வேலை செய்யும் என்பதை நான் அறிவேன். அந்த அறிவு என் நெஞ்சின் படபடப்பைச் சிறிதும் தணிக்கவில்லை.

அப்போது ஜான் ஸ்டூவர்ட் மில் என்ற ஆங்கில அறிஞரின் ஞாபகம் வந்தது. அவருடைய தந்தை ஜேம்ஸ் மில், இந்தியாவைக் கண்ணால் காணாமலே இந்திய சரித்திரம் எழுதிய மகானுபாவர்! மகனுக்கு மத நம்பிக்கை எதையும் புகட்டாமல், பகுத்தறிவையே ஊட்டி வளர்த்தார். மூன்றாம் வயதில் கிரேக்கம், எட்டாம் வயதில் லத்தீன்! அந்த மகன் 1826-ஆம் ஆண்டில், தமது இருபதாவது வயதில், தம்மையே ஒரு கேள்வி கேட்டுக் கொண்டார். தாம் விரும்பிய சீர்திருத்தங்கள் யாவும் அக்கணமே நிறைவேறினால் தமக்கு ஆனந்தம் உண்டாகுமா? உண்டாகாது என்று உள்ளம் விடையளித்தது. மாதக்கணக்கில் மனம் இருண்டு கிடந்தது. பின்னர், 1828-இல் வோர்ட்ஸ்வொர்த்தின் கவிதைகள் அவருக்கு ஆறுதல் தந்தன. அவர் பகுத்தறிவைக் கைவிட்டுவிடவில்லை. ஆனால், சுகத்தையே குறியாகத் தேடுபவனுக்கு அது அகப்படாது என்றும், வேறொரு நல்ல காரியத்தில் தன்னை மறப்பவனுக்கு வழியிலே கிடைக்கும் என்றும் கண்டு கொண்டார். 1873-இல் வெளிவந்த சுயசரிதையில் இதை எழுதியிருக்கிறார்.

இவ்வாறு நான் தத்துவ விசாரத்தில் ஆழ்ந்திருந்தபோது, தாயாரின் குரல் கேட்டது:

"ஏண்டா, பன்னிரண்டு மணி மருந்தைக் கொடுத்தாயோ?"

தூக்கிவாரிப் போட்டது. மணி பன்னிரண்டரை! மருந்தை நம்பிய நான் மறந்துவிட்டேன். காசு முடிந்து வைத்தவள் மறக்கவில்லை.

சில நாட்களில் குழந்தை பிழைத்து எழுந்தது. காசுதான் ஜுரத்தை இறக்கியது என்று நான் இன்றும் ஒப்பமாட்டேன். ஆயினும், அந்த ரூபாயை நானே திருப்பதிக்கு எடுத்துச் சென்று உண்டியலில் சேர்த்தேன். வேங்கடாசலபதிக்கு நான் கடன்பட்டேனோ, இல்லையோ, தாயாருக்குக் கடன்பட்டிருந்தேன்.